கையிருப்பு

ஊரில் பணம் சுருங்கப்போகிறது என்பது அட்டைப்பெட்டி செய்கிறவர்களுக்கு முதலில் தெரிந்துவிடும். செருப்போ மருந்தோ பொம்மையோ, எது விற்றாலும் ஒரு பெட்டிக்குள் புகுந்துதான் கடைக்குப் போக வேண்டும். பெட்டி கேட்டு போன் வரவில்லை என்றால் சரக்கு நகரவில்லை என்று அர்த்தம்.

அந்த வருடம் முதலில் கையைச் சுருக்கியது செருப்புக் கம்பெனி. "இந்த வாரம் பாதி போதும்" என்றார்கள். அடுத்த வாரம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். பொம்மைக்காரர் போனையே எடுக்கவில்லை. டிவியில் கோட்டுப் போட்ட ஆட்கள் உட்கார்ந்து மந்தநிலை வருமா வராதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே, பட்டறையின் பின்சுவர் ஓரம் போகாத பெட்டிக் கட்டுகள் ஜன்னலை மறைக்கிற உயரத்துக்கு வந்துவிட்டிருந்தன.

பட்டறையை நடத்தியவள் அக்கா. தம்பிக்கு அக்கா என்பதால் வேலையாட்களுக்கும் அக்கா, பேப்பர் ரீல் இறக்குகிற லாரி டிரைவருக்கும் அக்கா, பேங்கில் டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்கும் அக்கா. அப்பா விட்டுப்போன பட்டறை அது. அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதி. உள்ளே வேலையும் பணமும் அவள் பொறுப்பு. வெளியே போய் ஆர்டர் பிடிப்பது தம்பி. நல்ல சட்டை, நல்ல பேச்சு, எந்தக் கம்பெனி வாசலிலும் செக்யூரிட்டிக்கு அவனைத் தெரியும். வேலையாட்கள் அவனைச் சின்ன முதலாளி என்பார்கள். அவனுக்கு அதில் 'சின்ன' மட்டும் பிடிக்காது. அக்காவின் வீட்டுக்காரர் பட்டறை வேனை ஓட்டினார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் பெரும்பாலும் டீசல் விலையைப் பற்றித்தான் இருக்கும்.

நல்ல வருடங்களில் அக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று பேங்கில் டெபாசிட்டாக. ஆறு மாதம் ஒரு பெட்டிகூட விற்காவிட்டாலும் வாடகையும் சம்பளமும் கொடுக்கிற அளவு. இன்னொன்று மாதாமாதம் கொஞ்சமாகப் போட்டுவந்த மியூச்சுவல் ஃபண்டு. முதலில் சொன்னதை அவள் 'கையிருப்பு' என்பாள். இரண்டாவதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. அதைப் பத்து வருடத்துக்கு மறந்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

மறக்க விடவில்லை. பங்குச் சந்தை விழ ஆரம்பித்த வாரம், தம்பி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக் கண்ணாடி அறைக்குள் வந்து போனை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பாருக்கா. மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. இன்னிக்கே வித்துடலாம். மிச்சமாவது கையில நிக்கும்."

அக்கா பார்த்தாள். அந்தக் குறைந்த தொகைக்கு எத்தனை பெட்டி மடித்திருப்போம் என்று மனசு தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. தட்டைத் தள்ளி வைத்தாள்.

அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார்.

"மாப்ள, அந்தப் பணம் நமக்கு இப்ப வேணுமா?"

"இப்ப வேணாம் மாமா. ஆனா..."

"அப்ப எதுக்கு இப்ப விக்கணும்?"

"இன்னும் விழுந்தா?"

"விழட்டும். சம்பளப் பணம் தனியா இருக்குல்ல?"

அதோடு அவர் மோர் பக்கம் திரும்பிவிட்டார். அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். விற்கவில்லை. மாதாமாதம் போடுவதையும் நிறுத்தவில்லை, பாதியாகக் குறைத்துக்கொண்டாள். தைரியத்தில் செய்தாள் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பட்டறையில் ஏழு பேர் வேலை செய்தார்கள். எல்லாரையும்விட மூத்தவர் பின் அடிக்கிற மெஷினில் உட்காருகிறவர். பெட்டியின் ஓரத்தில் கம்பிப் பின் இறக்குகிற வேலை. அவர் காலால் மிதிக்கிற சத்தத்தைக் கேட்டு ரயில் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். ஒரு திங்கட்கிழமை காலை அக்கா ஏழு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, யாரையும் நிறுத்தப்போவதில்லை, ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, மூன்று நாள்தான் சம்பளம் என்றாள்.

ரயில்தான் முதலில் சிரித்தார். "அப்ப மூணு நாள் பாசஞ்சர், மூணு நாள் ஷெட்டு. சரிம்மா." மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டார். மகள் வீட்டில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருப்பது பழகவில்லை என்றார். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டார். அவர் மெஷின் மேல் அக்காவே ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

குளிர் தொடங்கும் சமயத்தில் தம்பி வேறு ஆளாக வந்தான். முகத்தில் பழைய வெளிச்சம்.

நான்கு தெரு தள்ளி இருந்த பெரிய பெட்டிக் கம்பெனி மூடிவிட்டது. அவர்களுடைய ஆட்டோமேட்டிக் மெஷின் விற்பனைக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் அட்டையை விட்டால் மடிப்பு விழுந்து, வெட்டு விழுந்து, கம்பெனிப் பெயரும் அச்சாகி மறுபக்கம் வந்து விழும். நாலு பேர் வேலையை அது ஒன்றே செய்யும்.

"கால் விலைக்கா. கால் விலை! புதுசா வாங்கணும்னா நம்ம ஆயுசுக்கும் முடியாது. எல்லாரும் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற நேரத்துலதான் வாங்கணும். அப்பதான் சந்தை எழும்பும்போது நாம முன்னாடி நிப்போம்."

"ஆர்டர் எங்கடா?"

"வரும்."

"எப்ப?"

"எப்பன்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா இந்த விலைக்குக் கிடைக்குமா?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அக்காவைக் கஷ்டப்படுத்தியது. அவள் எழுந்து போய் அந்த மெஷினைப் பார்த்தாள். நல்ல மெஷின்தான். உருளைகளில் தேய்மானம் இல்லை. அதைச் சுற்றிக் காலியாகக் கிடந்த கூடத்தையும் பார்த்தாள். சுவர் ஓரத்தில் வேலையாட்கள் விட்டுப்போன ரப்பர் செருப்புகள் அப்படியே கிடந்தன. கால் விலைக்கு விற்கிறவனும் ஒரு காலத்தில் இதை வைத்துத்தான் முன்னாடி நிற்கப்போகிறேன் என்று சொல்லியிருப்பான்.

திரும்பி வந்ததும் சொன்னாள். "கையிருப்பைத் தொடக்கூடாது. அது ஆளுங்க சம்பளம். ஃபண்டை இப்ப வித்தா பாதிக்குப் பாதி நஷ்டம். கடன் வாங்கவும் வேண்டாம். இன்னும் ஆறு மாசம் பார்ப்போம். மெஷின் போனா போகட்டும். வேற ஒண்ணு வரும்."

"விழும்போது பயந்தேன், தப்புன்ன. இப்ப துணிஞ்சு நிக்கிறேன், அதுவும் தப்பா?"

"அப்ப எல்லாத்தையும் விக்கச் சொன்ன. இப்ப எல்லாத்தையும் போடச் சொல்ற. ரெண்டும் எல்லாம்தானே?"

தம்பியின் முகம் சிவந்துவிட்டது. பேச்சு வளர்ந்தது. பழைய கதையெல்லாம் வந்தது: அப்பா அவளைத்தான் நம்பினார், அவனை வெளியே அலையவிட்டார், வெயிலில் கம்பெனி கம்பெனியாக நின்றது யார், ஏசி இல்லாவிட்டாலும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தது யார். கடைசியில் அவன், "என் பாதியைக் கொடு" என்றான்.

கொடுத்தாள். அதில் அவள் ஒரு பைசா பிசகவில்லை. டெபாசிட்டில் பாதி, ஃபண்டில் பாதி, பட்டறைப் பொருட்களுக்கு வெளியாள் வைத்து மதிப்புப் போட்டு அதில் பாதியைத் தவணையாக. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம்பி வெளியே போனபோது அவள் வீட்டுக்காரர் வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "மாப்ள, வீட்டுல இறக்கி விடட்டுமா?" என்றார். அவன் நடந்தே போய்விட்டான்.

ஃபண்டில் தன் பங்கை அவன் நஷ்டத்துக்கு விற்றான். மனைவியின் நகையை அடகு வைத்தான். மிச்சத்துக்கு ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் கடன். புறவழிச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து மெஷினை இறக்கினான். அவன் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். வெறும் கழுத்தோடு வேலைக்குப் போய்வந்தாள்.

முதல் மாதம் ஒரு பிஸ்கட் கம்பெனி ஆர்டர் கிடைத்தது. தம்பி இனிப்போடு பட்டறைக்கு வந்தான். அக்கா சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். தான் தோற்றாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு அவளுக்கு இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்ட பிஸ்கட் கம்பெனி பணத்துக்கு மூன்று மாதம் தள்ளித் தேதியிட்டு செக் கொடுத்தது. மூன்று மாதம் கழித்து செக் திரும்பி வந்தது. அந்தக் கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியது. அவனைத் தெரிந்த செக்யூரிட்டிகூட அங்கே இல்லை.

கரண்ட் பில், வாடகை, வட்டி. அவன் முதலில் நிறுத்தியது மெஷினில் இருந்த இரண்டு வேலையாட்களை.

ஒருநாள் காலை பட்டறைக்கு வந்து, அக்கா எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். நல்ல சட்டைதான். காலர் நைந்திருந்தது.

"கையிருப்புல இருந்து கொடுக்கா. ஆறு மாசம் தாங்கிட்டேன்னா மேல வந்துடுவேன்."

"அதுல இருக்கிறது இன்னும் நாலு மாசச் சம்பளம்டா. ஆறு குடும்பம்."

"நான் குடும்பம் இல்லையா?"

"வீட்டு வாடகை நான் தரேன். பிள்ளைங்க ஸ்கூல் பீஸ் நான் கட்டுறேன். மளிகையும் வாங்கித் தரேன். ஆனா அந்த மெஷினுக்குள்ள போட மாட்டேன். அதை வித்துடு. வர்ற விலைக்கு வித்துட்டு இங்க வா" என்றாள்.

"நீ அக்காவா, பேங்க் மேனேஜரா?"

அவன் எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பி, "பயந்துகிட்டே இருக்கிறதுக்கு நிதானம்னு பேர் வச்சுக்கிட்ட" என்றான்.

அன்று அவள் உள்ளே போய்க் குடத்துத் தண்ணீரில் முகம் கழுவினாள். ஈரத்தோடு வெளியே வந்தாள். பசை காய்ச்சுகிற பெண் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டு வாடகையை அந்த மாதமே அக்கா தம்பி மனைவியின் கணக்கில் போட்டாள். அது திரும்பி வந்தது. மறுபடி போட்டாள். அப்போது தங்கிவிட்டது.

விபத்து ஒரு மத்தியானம் நடந்தது. மருந்துக் கம்பெனி ஒன்றின் சின்ன ஆர்டர். தம்பி தனியாகவே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். அட்டையை ஒரு பக்கம் விட்டுவிட்டு ஓடிப்போய் மறுபக்கம் அடுக்குவான். மறுபடி ஓடிவருவான். ஈரம் ஏறிய ஒரு அட்டை உருளைகளுக்கு நடுவே மடங்கிச் சிக்கியது. மெஷினை நிறுத்துகிற பொத்தான் மறுகோடியில் இருந்தது. உருளையை மூடியிருக்க வேண்டிய கம்பி வலையை, சிக்கெடுக்க நேரம் ஆகிறதென்று அவனே முன்பு கழற்றிப் போட்டிருந்தான். கையை விட்டான்.

பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் செய்கிறவர் சத்தம் கேட்டு ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார். அதற்குள் வலது கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அக்கா போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் தம்பி மனைவி மருந்துக்கடை யூனிஃபார்ம் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு ஆள் கூலி அண்ணி" என்றாள். குரல் உயரவே இல்லை. "மறுபக்கம் நிக்க ஒரு ஆள். அந்தக் கூலி இருந்திருந்தா இவர் கை இருந்திருக்கும்."

அக்கா வாயைத் திறந்தாள். மெஷினை விற்கச் சொன்னேனே, வரச் சொன்னேனே என்பதெல்லாம் தொண்டை வரை வந்தது. எல்லாம் உண்மை. இவள் சொன்னதும் உண்மை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கவுண்டரில் முன்பணம் கேட்டார்கள். பெரிய தொகை. அக்கா கையெழுத்துப் போட்டாள். கையிருப்பில் முக்கால்வாசி அந்த வாரம் போனது. பிறகு தோல் ஒட்டுவதற்கு இரண்டாவது ஆபரேஷன். அதற்கு ஃபண்டை விற்றாள். விற்கக்கூடாத நேரம் என்று தெரிந்தேதான் விற்றாள். வண்டியில் திரும்பும்போது, "எது வேண்டாம்னு அவன்கிட்ட சண்டை போட்டேனோ அதையே செஞ்சுட்டு வரேன்" என்றாள்.

வீட்டுக்காரர் கியரை மாற்றினார். "அன்னிக்கு அது வேணாம். இன்னிக்கு வேணும். வேணும்கிறப்ப எடுக்கத்தானே வச்சோம்?"

அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

ஆறு பேரையும் மறுபடி உட்காரவைத்துப் பேச வேண்டியிருந்தது. சம்பளம் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று மறைக்காமல் சொன்னாள். இரண்டு பேர் போய்விட்டார்கள். பசை காய்ச்சுகிற பெண்ணும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். அவர்களுக்குப் போக இடமில்லை என்பதுதான் காரணம். அக்காவுக்கு அது தெரியும்.

தம்பியின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலில் பாதியும் மிஞ்சின. மெஷினை ஃபைனான்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போனார். வாங்க ஆளில்லாமல் கடைசியில் இரும்பு எடைக்குப் போனது. அதில் கடன் முழுசாகத் தீரவில்லை. மிச்சத்தை அக்கா தவணையில் தரவேண்டியிருந்த பட்டறைப் பங்கிலிருந்து நேரே அவருக்குக் கட்டிவந்தாள். அடகு வைத்த நகை மூழ்கிவிட்டது.

வெயில் திரும்பிய காலத்தில் போன் ஒன்றிரண்டாக அடிக்க ஆரம்பித்தது. மருந்துக் கம்பெனிகள் முதலில், அப்புறம் ஒரு சோப்புக் கம்பெனி. மூன்று நாள் நான்காயிற்று. டிவியில் அதே கோட்டு ஆட்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். அக்கா ரயிலுக்குப் போன் போட்டாள்.

"வரலம்மா" என்றார் அவர். "இங்க உக்காந்தே இருக்கலாம். கம்மிதான், ஆனா ஒண்ணாந்தேதி வந்துடுது. இனிமே எனக்கு அது போதும்." கொஞ்சம் நிறுத்தி, "தம்பி கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவள் சொன்னாள்.

தம்பி பட்டறைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். யாரும் கூப்பிடவில்லை. ஒரு காலை வந்து பழைய மேஜையில் உட்கார்ந்தான். இடது கையால் போனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, இடது கையாலேயே கோணல் எழுத்தில் ஆர்டர் எழுதினான். பேச்சு பழையபடி நன்றாகவே வந்தது. எதிர்முனையில் இருப்பவன் சிரிக்கிற மாதிரிப் பேசினான். வைத்ததும் முகம் அப்படியே விழுந்துவிடும். மாதக் கடைசியில் அக்கா அவனுக்கும் சம்பளக் கவர் கொடுத்தாள். பங்கு அல்ல, சம்பளம். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். அவன் மனைவி அக்காவோடு பேசுவதில்லை. பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்புவதும் இல்லை.

கையிருப்பு மறுபடி ஒரு மாதச் சம்பள அளவுக்கு வந்தது. அக்கா ஃபண்டிலும் மறுபடி சின்னத் தொகையாகப் போட ஆரம்பித்தாள். விற்ற விலையைவிட அது இப்போது மேலே ஏறியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்த நேரம். வெளியே அவள் வீட்டுக்காரர் வேனில் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். தம்பி டம்ளரை இடது கையால் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அக்கா. அன்னிக்கு நான் மெஷினுக்குன்னு கேக்காம, மறுபக்கம் நிக்க ஒரு ஆள் கூலி மட்டும் கொடுன்னு கேட்டிருந்தா, கொடுத்திருப்பியா?"

இதை அவன் எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அதே கேள்வியை ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து வைத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். கொடுத்திருக்க மாட்டேன் என்று சொன்னால் அவன் அவளை வெறுத்துவிட்டுப் போகலாம். அது அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

"கொடுத்திருப்பேன்டா" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "எனக்கு அப்படிக் கேக்கத் தோணல. கேட்டா எல்லாத்தையும் கேக்கணும்னு இருந்துச்சு."

"எனக்கும் சொல்லத் தோணல. மெஷின்னு ஒரு வார்த்தை கேட்டதும் கதவைச் சாத்திட்டேன். யார் ஓட்டுறா, தனியா ஓட்டுறியான்னுகூடக் கேக்கல."

போன் அடித்தது. தம்பி எடுத்து, "சொல்லுங்க சார், எத்தனை பெட்டி?" என்று சிரித்த குரலில் கேட்டான். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.